எஸ்.பி. ரோட்டில் "லைசென்ஸோடு" வாக்கி-டாக்கி: ஒரு 29,028 ரூபாய் பில்

அல்சூர் பக்கம் மூன்று பிளாக், இரண்டு பேஸ்மென்ட் உள்ள ஓர் அபார்ட்மென்ட் அசோசியேஷன். செக்யூரிட்டி ஆட்களுக்காக பெங்களூருவின் எலக்ட்ரானிக் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் ஆறு வாக்கி-டாக்கி வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் நல்ல தமிழிலேயே பேசி அனுப்பியிருக்கிறார்: "கவர்மென்ட் ஃபீஸ் எல்லாம் நாங்களே கட்டிட்டோம் சார். யாராவது கேட்டா இந்தக் கார்டைக் காட்டுங்க, போதும்." செட்டுக்கு ஒன்று என்று லேமினேட் செய்த ஆறு கார்டு. பில்லில் செட் 2,400 வீதம் 14,400, "டபிள்யூ.பி.சி. லைசென்ஸ் ஃபீ" 1,500 வீதம் 9,000, புரோகிராமிங் 200 வீதம் 1,200. ஆக 24,600. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,428 சேர்த்து 29,028.

அந்த இரண்டாவது வரியைப் பாருங்கள். டபிள்யூ.பி.சி. என்பது ரேடியோ அலைவரிசைகளை ஒதுக்கி லைசென்ஸ் தரும் மத்திய அரசுப் பிரிவு. லைசென்ஸ் தேவைப்படாத செட் என்றால் கட்டுவதற்கு லைசென்ஸ் ஃபீஸே கிடையாது. லைசென்ஸ் தேவைப்படும் செட் என்றால், பயன்படுத்துகிறவர் தன் பெயரில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். செட்டோடு சேர்த்து விற்கிற சரக்கு இல்லை அது. எப்படிப் பார்த்தாலும் 9,000 ரூபாய் கல்லாவுக்குத்தான் போயிருக்கிறது. அரசுக்குக் கட்டியதாகச் சொன்ன பணத்துக்கு அரசு ரசீது ஒன்றுகூட இல்லை, ஆனால் அதற்கும் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். துணிச்சல்தான்.

விதி இதுதான். 2018 அக்டோபரில் வந்த விலக்கு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்குள் இயங்கும் கைச்செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு ஈ.டி.ஏ. எனப்படும் கருவி வகை ஒப்புதல் இருக்க வேண்டும். அதை வாங்குவது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் வேலை, நம் வேலை இல்லை. இந்தப் பட்டைக்கு வெளியே பேசும் செட்டுக்கு லைசென்ஸ் கட்டாயம். பேசினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும்.

வாங்கிய ஆறும் மேலே 16 கிளிக் குமிழ் வைத்த, திரை இல்லாத சீனச் செட். பக்கவாட்டு ஹெட்செட் துளையில் இரட்டை முள் புரோகிராமிங் கேபிளைச் செருகி, கம்ப்யூட்டரில் படித்தால் முதல் சேனல் 462.125, இரண்டாவது 462.225, மூன்றாவது 462.325. ஆலையில் இருந்து வந்தபடியே இருக்கிறது; 446-இல் ஒரு சேனலும் இல்லை. அதாவது புரோகிராமிங் என்று வாங்கிய 1,200-க்கும் எதுவும் செய்யவில்லை. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடோடு வாட் மீட்டர் மாட்டி, பேசுவதற்கான பி.டி.டி. பொத்தானை அழுத்தினால் 3.6 வாட். வரம்பைப் போல ஏழு மடங்கு.

கார்டில் ஓர் ஈ.டி.ஏ. எண் அச்சாகியிருந்தது. எண் போலி இல்லை, அங்கேதான் சூட்சுமம். கடையில் கொடுத்த சான்றிதழ் நகலில் அலைவரிசை என்ற கட்டத்தைப் படித்தால் 2402–2480 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. அது புளூடூத் பட்டை. ஏதோ ஒரு ஹெட்செட்டின் ஒப்புதலை எடுத்து வாக்கி-டாக்கிக்கு ஒட்டியிருக்கிறார்கள். மாடல் பெயரும் வேறு. வாங்கும்போது யாரும் அந்தக் கட்டம் வரை படிக்கவில்லை. சான்றிதழைக் கையில் வாங்கியதும் மாடல் எண், அலைவரிசை, பவர் ஆகிய மூன்றையும் செட்டின் பின்புற லேபிளோடு ஒப்பிடுங்கள். பேட்டரியைக் கழற்றினால்தான் பல செட்டில் லேபிள் தெரியும். சுய அறிவிப்பு வழியில் பெற்ற எண் ஈ.டி.ஏ.-எஸ்.டி. என்று தொடங்கும், தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் அதைச் சரிபாருங்கள்.

"446-க்கு மாற்றிக் கொடுத்துடறேன் சார்" என்பது அடுத்த சமாதானம். மாற்ற முடியும்: முதல் சேனலுக்கு 446.00625, அதிலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பதினாறு, கடைசி 446.19375. ஆனால் மாற்றினாலும் செட் சட்டப்படி ஆகிவிடாது. ஒப்புதல் மாடலுக்குத் தருவது, நாம் போடும் சேனலுக்கு இல்லை. இந்த மலிவு செட்டுகளில் "லோ பவர்" என்று வைத்தாலும் அரை வாட்டுக்குள் இறங்கும் என்று நம்ப முடியாது. பேண்ட்விட்த்தை, அதாவது சேனலின் அகலத்தை, "வைட்" என்றே விட்டிருந்தால் குரல் பக்கத்துச் சேனலிலும் வழியும். யாராவது ரீசெட் செய்தால் பழையபடி 462-க்கே போய்விடவும் செய்யும்.

22 சேனல் என்று அட்டைப்பெட்டியில் போட்டு "லைசென்ஸ் ஃப்ரீ" என்று விற்பதும் உண்டு. அது அமெரிக்காவின் 462, 467 மெகாஹெர்ட்ஸ் செட். அங்கே லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. இங்கே அந்தப் பேச்சு செல்லாது. 38 "பிரைவசி கோடு" என்பதும் ரகசியம் இல்லை: மற்றவர்கள் பேசுவது நம் செட்டில் ஒலிக்காமல் செய்யும் தாழ்ந்த ஒலி அவ்வளவுதான். நாம் பேசுவதை எவரும் கேட்கலாம்.

"5 வாட் இருந்தாத்தான் பேஸ்மென்ட் வரைக்கும் கேட்கும்" என்று விற்றிருக்கிறார்கள். அரை வாட்டை ஐந்து வாட் ஆக்கினால் கூடுவது 10 டெசிபெல். வெட்டவெளியில் தூரம் மூன்று மடங்கு கூடலாம். கட்டடங்கள் நெருங்கிய இடத்தில் இரண்டு மடங்குகூடத் தேறாது. கம்பி நெருக்கமாகக் கட்டிய இரண்டு கான்கிரீட் தளத்துக்குக் கீழே எந்தக் கைச்செட்டும் தடுமாறும். ராம்ப் வாயிலில் ஓர் ஆள் செட்டோடு நின்று செய்தியைக் கைமாற்றினால் போதும், இல்லையென்றால் அங்கே மட்டும் இன்டர்காம் இழுத்துவிடலாம். 446 செட் இரண்டைக் கொண்டுவந்து உங்கள் பேஸ்மென்டிலேயே பேசிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

நிஜமாகவே அதிக பவர் வேண்டிய பெரிய வளாகம் என்றால் வழி நீளமானது. நிறுவனத்தின் பெயரில், எத்தனை செட், எந்தப் பகுதி, என்ன தேவை என்று எழுதி டபிள்யூ.பி.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் உங்களுக்கென்று அலைவரிசை ஒதுக்குவார்கள். ஸ்பெக்ட்ரம் கட்டணம் ஆண்டுதோறும் உண்டு. விற்கும் கடையிடம் டி.பி.எல். எனப்படும் டீலர் உடைமை லைசென்ஸ் இருக்க வேண்டும், எஸ்.பி. ரோட்டில் அதை மாட்டிவைத்து ஒழுங்காக வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்கள்.

"ஹாம் லைசென்ஸ் எடுத்துத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். ஹாம் என்பது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்களுக்கானது. அந்த லைசென்ஸ் தேர்வு எழுதித் தேறிய தனி ஆளுக்கு, 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000. செக்யூரிட்டி வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

பில்லில் இன்னொரு ஓட்டை: பொருள் என்ற இடத்தில் "எலக்ட்ரானிக் ஐட்டம்" என்று மட்டும் இருக்கிறது. மாடலும் சீரியல் எண்ணும் இல்லை. நாளைக்கு "இது எங்க செட்டே இல்லை" என்று கடைக்காரர் கையை விரித்துவிடலாம். மாடல், ஆறு சீரியல் எண், அலைவரிசை மூன்றும் எழுதாத பில்லை வாங்கவே வேண்டாம். சார்ஜரிலும் பேட்டரியிலும் பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்த ஆறிலும் இல்லை. ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி, வாக்கி-டாக்கி விற்கும் பக்கத்தில் அலைவரிசையும் ஈ.டி.ஏ. விவரமும் இருந்தாக வேண்டும்.

ஏற்கெனவே இப்படி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் செட்டை அணைத்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். வாட்ஸப் குழுவிலோ பழைய பொருள் விற்கும் ஆப்பிலோ தள்ளிவிட நினைக்காதீர்கள், விற்கிறவர் நீங்களாகிவிடுவீர்கள். பில், கார்டு, சான்றிதழ் நகல், பின்புற லேபிள் நான்கையும் படம் எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவில் லைசென்ஸ் ஃபீ வரியைத் தனியாகக் குறிப்பிட்டு, அதற்கான அரசு ரசீதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.