காதால் படம் பார்க்க: டிவிடி ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு என் கிறுக்கு புரியும். பஸ்ஸில் போகும்போது எனக்குப் பாட்டைவிட முழுப் படத்தின் வசனமும் பின்னணி இசையும்தான் வேண்டும், ஆனால் நம்மூரில் பாட்டு ஆல்பமாக வரும், பின்னணி இசை தனியாக வருவது அபூர்வம். சரி, பீரோவில் தூங்கும் டிவிடிகளில் இருந்தே உருவிக்கொள்வோம் என்று இறங்கினேன்.

முதலில் சிக்கியது ஏதோ ஒரு இலவச கன்வெர்ட்டர். சண்டைச் சத்தம் காதைக் கிழிக்கிறது, வசனம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. காரணம் அப்புறம்தான் புரிந்தது: 5.1 ஒலியில், அதாவது ஆறு சேனலாகப் பிரித்த ஒலியில், வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். அதை இடம், வலம் இரண்டிலும் சரியான அளவில் கலக்காமல் வெறும் முன்பக்க இரண்டு சேனலை மட்டும் எடுத்தால் கதாநாயகன் ஊமையாகிவிடுவான்.

அதன்பின் பிடித்ததுதான் டிவிடி ஆடியோ எக்ஸ்ட்ராக்டர், டிவிடியில் இருந்து ஒலியை மட்டும் உருவித் தரும் மென்பொருள். தோற்றம் இருபது வருடப் பழசு மாதிரி, எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. டிஸ்க்கைப் போட்டதும் டைட்டில்களையும் (டிஸ்க்கில் உள்ள தனித்தனி வீடியோக்கள்) அவற்றின் சாப்டர்களையும் வரிசையாகக் காட்டும். மிக நீளமான டைட்டில்தான் அனேகமாகப் படம். எந்த ஆடியோ டிராக் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம், சாப்டர் சாப்டராக வெட்டியும் வாங்கலாம், அதனால் பிடித்த ஒரே ஒரு காட்சிக்காக முழுப் படத்தையும் உருவ வேண்டியதில்லை. எனக்கு அதிகம் பயன்பட்டது இந்த வசதிதான்.

இதில் எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தப்பு, தரம் கூடும் என்று நினைத்து எல்லாவற்றையும் ஃபிளாக்கில், அதாவது தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகையில், சேமிப்பது. டிவிடியில் இருக்கிற டால்பி டிஜிட்டல் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான், அதிகபட்சம் 448 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 448 கிலோபிட். அதை ஃபிளாக் ஆக்கினால் கோப்பு வீங்குமே தவிர ஒலி ஒரு துளியும் கூடாது. மாற்றாமல் அப்படியே நகலெடுக்கும் வசதி இதிலேயே இருக்கிறது, இரண்டரை மணி நேரப் படம் சுமார் 500 எம்பிதான் வரும், வீட்டுக் கணினியில் மூலப் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு 192 கேபிபிஎஸ் ஸ்டீரியோ எம்பி3 தாராளம், 216 எம்பியில் முடிந்துவிடும். சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதை) டிவிடியில் உள்ள 48 கிலோஹெர்ட்ஸிலேயே விடுங்கள், சிடி பழக்கத்தில் 44.1-க்கு மாற்ற எந்த அவசியமும் இல்லை. எல்பிசிஎம் ஒலியுள்ள கச்சேரி டிஸ்க் கையில் இருந்தால் மட்டும் ஃபிளாக், அது சுருக்கப்படாத ஒலி என்பதால் அங்கே அர்த்தம் உண்டு.

பழைய படங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மோனோவில், அதாவது ஒரே சேனலில், வந்த படத்தின் அட்டையில் 5.1 என்று பெரிதாகப் போட்டிருந்தால் நான் உடனே சந்தேகப்படுவேன். பழைய மோனோ டிராக்கும் கூடவே இருந்தால் அதையே எடுங்கள், எதிரொலி சேர்த்துக் கெடுத்த பதிப்பைவிட அதுவே காதுக்கு இதம்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள், ஆனால் 30 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். இப்போதைய லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இருப்பதில்லை என்பதால் யுஎஸ்பி டிரைவ் ஒன்றும் வேண்டும். டிஸ்க்குகளைத் துடைத்து அடுக்கிவிட்டு, அப்புறம் இன்ஸ்டால் செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்து, தூசி துடைப்பதிலேயே முதல் வாரத்தைத் தொலைத்தேன்.