ரிவால்வர் ஆசை: நிஜமா, சுருள் கேப்பா?

சிறுவயதில் திரையில் பார்த்த ஆறு குண்டு ரிவால்வரை ஐம்பது வயதிலாவது வாங்கிவிடத் துடிப்பவர்கள், மதுரையில் நான் அறிந்தே மூவர். மூன்றாமவன் நான்.

விலை: கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரக ‘நிர்பீக்’ ரிவால்வர் 2014இல் வெளியானபோதே சுமார் 1.22 லட்சம் ரூபாய். பொட்டுவெடிச் சுருள் போட்டுச் சுடும் பொம்மையான கேப் துப்பாக்கிக்கு, தீபாவளிக்கு முன் விளக்குத்தூண் பக்கம் போனால் சட்டைப்பைப் பணமே போதும்.

வாங்கும் பாடு: நிஜத்துக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், போலீஸ் விசாரணையும் உண்டு. ‘சின்ன வயது ஆசை’ என்ற காரணம் அங்கே எடுபடாது. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பொம்மைக்குப் பேரம் பேசத் தெரிந்தால் போதும்.

உழைப்பு: நிஜம், துடைத்து எண்ணெய் போட்டால் தலைமுறை தாண்டும். பொம்மையின் ஸ்பிரிங் கார்த்திகைக்குள் தளர்ந்துவிடும்.

நினைவு: சிவப்புச் சுருளை உள்ளே மாட்டி, நுனியை மேலே இழுத்துவிட்டு விசையை அழுத்தினால் முதல் பொட்டு வெடிக்கும், இரண்டாவது புஸ்ஸென்று போகும், மூன்றும் நான்கும் சேர்ந்து அதிரும். கட்டைவிரலில் கரி, மூக்கில் மருந்து வாசனை. நிஜ ரிவால்வரைப் பீரோவில் பூட்டிவிட்டுச் சாவியைத்தான் காவல் காக்க வேண்டும்.

உயிருக்கு உண்மையிலேயே அச்சுறுத்தல் இருப்பவரும் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இறங்கியவரும் உரிமத்துக்கு அலையலாம். பழைய நாளைத் தேடுபவருக்குக் கேப் துப்பாக்கிதான். பிளாஸ்டிக்கை விட்டு, கனமான இரும்பாகப் பார்த்து வாங்குங்கள். நான் இரண்டு வாங்கினேன், பேரனுக்கு என்று சொல்லி.