புது நகரக் காவல்துறைக்கு யாரை எடுப்பது: அனுபவசாலிகளையா, அகாடமி முடித்தவர்களையா?

கலிஃபோர்னியாவில் நாங்கள் குடியிருக்கும் நகரத்துக்குப் பல வருடங்களாகச் சொந்தப் போலீஸ் கிடையாது. கவுண்டி (மாவட்டம் போன்ற அமைப்பு) ஷெரிப்பின் போலீஸுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவோம், அவர்கள் ரோந்து வருவார்கள். 1954-இல் லேக்வுட் நகரம் தொடங்கி வைத்த இந்த ஒப்பந்த முறையில்தான் அந்த மாநிலத்தின் பல நகரங்கள் இன்றும் ஓடுகின்றன. சில நகரங்கள் மட்டும் பிறகு தனியாகப் பிரிந்தன. 2008-இல் நகரமான மெனிஃபி, 2020 ஜூலை 1 அன்று சொந்தக் காவல்துறையைத் தொடங்கியது. எங்கள் நகரமன்றமும் அதே முடிவை எடுத்தபோது, நேர்முகக் குழுவில் குடியிருப்போர் சார்பாக உட்கார என்னையும் கூப்பிட்டார்கள்.

முதல் நாளே எழுந்த கேள்வி, முதல் அணியை எப்படி நிரப்புவது என்பதுதான். வேறு காவல்துறையில் சான்று பெற்று வேலை பார்ப்பவர்கள் அங்கிருந்து மாறி வருவதை ‘லேட்டரல்’ என்பார்கள். அவர்களையே பெரும்பாலும் எடுப்பது ஒரு வழி. உள்ளூர் இளைஞர்களைப் போலீஸ் பயிற்சி அகாடமிக்கு அனுப்பி, நம் கையாலேயே வளர்த்தெடுப்பது இன்னொரு வழி. நான் லேட்டரல் பக்கம் கை தூக்கினேன். இன்றும் அதே பக்கம்தான். ஆனால் அன்று நான் சொன்ன காரணமும் இன்று சொல்லும் காரணமும் ஒன்றல்ல.

அன்று சொன்னது நேரக் கணக்கு. மாநில விதிப்படி அடிப்படை அகாடமிப் பயிற்சி குறைந்தது 664 மணி நேரம். பல அகாடமிகளில் அது ஆறு மாதம் வரை நீளும். அப்புறம் குறைந்தது பத்து வாரம், பயிற்சி அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க ரோந்து. அந்தப் பயிற்சி அதிகாரி எங்கிருந்து வருவார்? துறையே நேற்றுப் பிறந்தது. முழுக்கப் புதியவர்களை வைத்து ஒரு காவல்துறையைத் தொடங்கவே முடியாது என்பது ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சம்பளமும் அப்படித்தான். அனுபவசாலிக்குக் கூடுதல், புதியவருக்குக் குறைவு. ஆனால் புதியவரின் அகாடமிச் செலவையும், அந்த மாதங்களின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவு இல்லை.

அனுபவசாலிகள் ஏன் வருவார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பணம் மட்டும்தான் என்று நினைத்தோம். இல்லை. பழைய துறையில் பத்து வருடம் உழைத்தவர் வேறு துறைக்கு மாறினால், பணிமூப்பு வரிசையில் கடைசிக்குப் போய்விடுவார். மறுபடி இரவு ஷிஃப்ட், மறுபடி பண்டிகை நாளில் வேலை. புதுத் துறையில் அவருக்கு முன்னால் நிற்க யாரும் இல்லை, எல்லோருக்கும் மூப்பு பூஜ்யம். சார்ஜென்ட் பதவியும் துப்பறியும் பிரிவும் அப்போதுதான் உருவாகின்றன. நேர்முகத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். ஓய்வூதியமும் முக்கியம். 2013-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதிய விதிகள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் மாறினால் பொதுவாக அந்த உரிமை போகாது. அதனால் வேலை உத்தரவு தருவதை இழுத்தடித்தால் நல்ல ஆட்கள் கைநழுவிப் போவார்கள். சேர்ந்தவுடன் தரும் ஊக்கத்தொகையை நம்பி ஆள் பிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதற்காக வருபவர் அடுத்த ஊர் அதைவிட அதிகம் தந்தால் போய்விடுவார்.

சரி, இதெல்லாம் ஒரு பக்கம். முடிவைத் தீர்மானிப்பது பழைய பணிக்கோப்பு என்பதை நான் நடுவில்தான் கற்றுக்கொண்டேன்.

ஒருவர் நேர்முகத்துக்கு வந்தார். அவ்வளவு தெளிவான பதில்கள். மூன்று பேரும் முழு மதிப்பெண் போட்டோம். பழைய துறையிலிருந்து வந்த கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, அவ்வளவுதான். வழக்குக்குப் பயந்து பல இடங்களில் இதற்குமேல் எழுத மாட்டார்கள். எங்கள் பின்னணி விசாரணையைப் பார்த்தவர் ஓய்வுபெற்ற துப்பறிவாளர். கடிதத்தோடு விடாமல் நேரில் காரோட்டிப் போய், முழு நாள் உட்கார்ந்து கோப்பைப் படித்தார். ஒரு கைது அறிக்கையில் பொய் எழுதியதாக உள்விசாரணை தொடங்கியிருந்தது. அது முடியும் முன் அந்த விண்ணப்பதாரர் ராஜினாமா செய்திருந்தார். எங்கள் விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இதைக் கேள்விப்பட்டபோது என் கை நடுங்கியது. அவரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவர்.

இது அபூர்வமான விஷயம் அல்ல. ஃபுளோரிடா பதிவுகளை வைத்து இரண்டு சட்டப் பேராசிரியர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பு ஒரு துறையில் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களில் சராசரியாக 1,100 பேருக்குச் சற்றுக் குறைவாக எந்த ஆண்டிலும் அந்த மாநிலத்தில் போலீஸாக வேலை பார்த்திருக்கிறார்கள். வசதி குறைந்த சிறிய துறைகளுக்குத்தான் அவர்கள் போகிறார்கள். மறுபடி நீக்கப்படும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். 2014-இல் கிளீவ்லாந்தில் 12 வயதுச் சிறுவன் தமீர் ரைஸைச் சுட்ட அதிகாரி, அதற்குமுன் இருந்த துறையில் இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதப்பட்டவர். அந்தக் கோப்பைக் கிளீவ்லாந்து வாங்கிப் படிக்கவே இல்லை. ஆள் பற்றாக்குறையோடும் தொடக்க நாள் நெருக்கடியோடும் நிற்கும் புதுத் துறை, இப்படிப்பட்டவர்களுக்குத் திறந்த கதவு.

கலிஃபோர்னியாவில் 2021-இல் வந்த சட்டங்கள் இதில் பெரிய உதவி. அதற்குமுன் பல வருடங்களாக அதிகாரியின் சான்றைப் பறிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. எடுக்கும் துறை பழைய கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். கடுமையான புகார் என்றால், ஆள் விலகிப் போனாலும் பழைய துறை விசாரணையை முடித்தாக வேண்டும். ஆனால் சட்டம் கோப்பைத் திறந்து தருகிறது, உட்கார்ந்து படிக்க வேண்டியது நாம்தான். அதற்கான ஆளையும் நாளையும் முதலிலேயே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

இதையே நான் லேட்டரலுக்கு ஆதரவாகச் சொல்கிறேன். 21 வயது இளைஞர் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார் என்பது ஊகம். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர் எப்படி நடந்துகொண்டார் என்பது எழுத்தில் இருக்கிறது. கோப்பில் கறை இருந்தாலே தள்ள வேண்டும் என்பதும் இல்லை. இன்னொருவர் வாகனத் துரத்தலில் விதி மீறி ஐந்து நாள் சஸ்பெண்ட் ஆனதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். கோப்பும் அதையே சொன்னது. அவரை எடுத்தோம். இப்போது புதியவர்களுக்கு வண்டி ஓட்டப் பழக்குபவர் அவர்தான்.

அகாடமி வழியையும் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. பழைய துறையின் பழக்கங்கள் அவர்களிடம் இல்லை. அனுபவசாலிகள் ‘அங்கே இப்படித்தான் செய்வோம்’ என்று ஆளுக்கொரு முறையைச் சொல்லி, முதல் வருடம் அறிக்கை எழுதுவதில்கூடச் சண்டை வந்தது. உள்ளூர் ஆள் நீண்ட காலம் நிலைப்பார் என்பார்கள். எங்களிடம் அகாடமி முடித்து வந்த முதல் குழுவுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது, போனவர் ஒருவர். அதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். அடுத்த சுற்றில் காலியாகும் இடங்களில் மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கக் கேட்டிருக்கிறேன். இப்போது அவர்கள் பக்கத்தில் உட்காரப் பயிற்சி அதிகாரிகள் இருக்கிறார்கள்.