தனி கிராபிக்ஸ் கார்டா, இரண்டாவது ரேமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் புதுக் கணினி வாங்க முடியாதவர்கள் பெரும்பாலும் ஈப்போவிலிருந்தோ ஷோப்பி இணையக் கடையிலிருந்தோ அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் மேசைக் கணினியைத்தான் வாங்குகிறார்கள். உள்ளே இன்டெல் ஐ5-8500 சிப், 8 ஜிபி ரேம். "விண்டோஸ் 11 ஓடணும்னா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்குங்க அண்ணே" என்று கடையில் சொன்னால் காசை எடுக்கவேண்டாம்.

விண்டோஸ் 11 கேட்பது டைரக்ட்எக்ஸ் 12 (விண்டோஸின் கிராபிக்ஸ் மென்பொருள் தொகுப்பு) தெரிந்த கிராபிக்ஸும் டபிள்யூடிடிஎம் 2.0 என்ற தரத்திலான டிரைவரும். ஐ5-8500-இன் உள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸுக்கு இரண்டும் உண்டு. டெஸ்க்டாப், பிரவுசர், பிள்ளைகளின் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) பாடங்கள், கோயில் கமிட்டிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அது தாராளம். இதில் விவாதமே இல்லை.

அப்படியானால் ஜன்னலை இழுக்கும்போது திரை ஏன் திணறுகிறது? முதலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் இன்டெல் டிரைவரே ஏறவில்லை. விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் பகுதியில் பெரும்பாலும் கிடைத்துவிடும். டிரைவர் சரியாக இருந்தால் சந்தேகம் ரேம் பக்கம் திரும்பவேண்டும்.

உள்ளமை கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, கணினியின் ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4-2666 ரேம் ஒற்றையாக இருந்தால் நொடிக்கு 21.3 ஜிபி வேகம். ஜோடியாகப் போட்டால் 42.6. சிப்பும் கிராபிக்ஸும் அந்த ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கின்றன. கழித்துவிட்ட கணினிகள் பலவும் ஒரே ஒரு 8 ஜிபி ரேமோடு வருவதுதான் வம்பு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். (ஜிபியூ பக்கத்தில் 'ஷேர்டு மெமரி' 4 ஜிபி என்று காட்டும். பயப்படவேண்டாம், அது உச்சவரம்புதான். ஒதுக்கிவைத்த இடம் அல்ல.)

இன்னொரு 8 ஜிபி வாங்கும்போது அதே டிடிஆர்4-தானா என்று பாருங்கள். உள்ளங்கை அகல மைக்ரோ பெட்டிக்கு மடிக்கணினியின் குட்டை ரேம்தான் பொருந்தும். வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். 8-ஓடு 4 போட்டால் 4-க்கு 4 மட்டும் ஜோடி சேரும், மீதி ஒற்றை. பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, பெட்டியின் உலோகத்தைத் தொட்ட பிறகே கைவையுங்கள். எந்த ஸ்லாட் எதற்கு ஜோடி என்று அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் ஜோடி சேர்ந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். இரு முனையிலும் 'டக்' என்று கேட்கவேண்டும். படம் வராமல் விளக்கு மஞ்சளாகச் சிமிட்டினால் பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை. கழற்றி, தங்கநிற விளிம்பை அழிரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். கடைசியாக சிபியூ-ஸெட் செயலியின் மெமரி பக்கத்தில் 'டூயல்' அல்லது '2 x 64-பிட்' என்று வருகிறதா என்று சரிபாருங்கள்.

சரி, தனி கார்டு? மலிவாகத் தள்ளிவிடப்படும் என்விடியா ஜிடி 710 கார்டின் டிடிஆர்3 வகைக்கு நினைவக வேகம் நொடிக்கு 14.4 ஜிபி. ஒற்றை ரேமைவிடக் குறைவு! யூடியூப் பயன்படுத்தும் விபி9 என்ற வடிவ வீடியோவை வன்பொருளில் விரிக்க அதற்குத் தெரியாது. யுஎச்டி 630-க்குத் தெரியும். அந்தத் தலைமுறைக்குப் புது வசதிகளோடு வரும் டிரைவரை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. ஜிடி 1030 பரவாயில்லை. ஆனால் அதே பெயரில் டிடிஆர்4 வகையும் விற்கிறது. ஜிடிடிஆர்5 வகையின் 48 ஜிபி எங்கே, இதன் 16.8 எங்கே? பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக்கூடாது.

அதைவிடப் பெரிய கார்டு பெரும்பாலும் ஒல்லிப் பெட்டிக்குள் நுழையாது. ஆப்டிபிளெக்ஸ் 7060 ஒல்லி வகையின் பவர் சப்ளை வெறும் 200 வாட்; கார்டுக்கென்று தனி வயரும் கிடையாது. செம்மண் தூசியில் இன்னொரு காற்றாடியைத் துடைக்கும் வேலை வேறு.

கேம், பிளெண்டர் போன்ற முப்பரிமாணச் செயலி, நாலு மானிட்டர் என்றால் நிச்சயம் தனி கார்டுதான், அதற்கேற்ற பெரிய பெட்டியோடு. வீடியோ எடிட்டிங் செயலியைப் பொறுத்தது: முழு எச்டியை வெட்டி ஒட்ட யுஎச்டி 630 சமாளிக்கும், டாவின்சி ரிசால்வ் என்றால் நான் உறுதி சொல்லமாட்டேன். லினக்ஸ் போடுபவர்களுக்கு இன்டெல் டிரைவர் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது.

புதிதாக அசெம்பிள் செய்வதானால் ஐ5-12400எஃப் போல 'எஃப்' என்று முடியும் சிப்புகளில் கிராபிக்ஸே கிடையாது. அங்கே கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. 4கே டிவியில் இணைப்பவர்களுக்கும் ஒன்று: யுஎச்டி 630-இன் எச்டிஎம்ஐ பொதுவாக 1.4 வகை, 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் இழுபடும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் போட்டால் 60 கிடைக்கும்.