இர்கூட்ஸ்க் – ஹூஜிர் வேன் சேவையும் ஓல்கோன் ஃபெர்ரியும்: ஒரு பயணியின் மதிப்பீடு

ரஷ்யாவின் பைக்கால் ஏரியிலுள்ள ஓல்கோன் தீவுக்கு இர்கூட்ஸ்க் நகரிலிருந்து பயணிகளை ஏற்றிச்செல்லும் வேன்களைப் பற்றி எழுதும்போது, அவை ஓடும் மாவட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இர்கூட்ஸ்க் மாகாணத்தைச் சேர்ந்த ஓல்கோன் மாவட்டத்தின் பரப்பு சுமார் 15,900 சதுர கிலோமீட்டர். அதில் வாழ்பவர்களோ ஏறத்தாழ பத்தாயிரம் பேர்தான். மாவட்டத் தலைமையிடமான யெலான்சி கிராமம் தீவில் இல்லை, ஏரிக்கு அப்பால் பெருநிலப்பகுதியில் இருக்கிறது. தீவின் பெரிய ஊரான ஹூஜிரில் வசிப்பவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டுமானால் ஓல்கோன் வாயில் என்னும் நீரிணையைக் கடந்தே ஆக வேண்டும். ஆகவே இங்குள்ள ஃபெர்ரியைச் சுற்றுலாப் படகாக எண்ணாமல், நீரின் மேல் போடப்பட்ட சாலையாகவே கருத வேண்டும்.

அந்தப் பார்வையில் ஃபெர்ரிக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். ஆளுக்கும் கட்டணமில்லை, வண்டிக்கும் கட்டணமில்லை. உள்ளூர்வாசிகளின் வண்டிகளுக்குத் தனி வரிசை உண்டு. கோடையில் நீண்ட நேரம் காத்துநிற்கும் வெளியூர்க்காரர்கள் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே பட்டது. பெருநிலப்பகுதியிலுள்ள சஹ்யுர்தா படகுத்துறையில் இரும்புப் பலகை சரளைக்கல்லில் உரசியபடி இறங்க, காய்கறி மூட்டைகளும் சிமெண்டும் ஏற்றிய ஒரு பழைய லாரி எங்களுக்கு முன்னே மெதுவாக ஏறியது. கால் மணி நேரத்தில் மறுகரை வந்துவிட்டது. குளிர்காலத்தில் பனிக்கட்டி போதிய அளவு கெட்டிப்பட்ட பிறகு அதன்மீதே அதிகாரபூர்வமான சாலை திறக்கப்படுகிறது. படகும் ஓடாமல் பனியும் தாங்காத இடைக்காலத்தில், காற்றழுத்தத்தில் மிதந்து ஓடும் ஹீவுஸ் வண்டிகளே கதி.

வேன் சேவையை அந்த அளவுக்குப் பாராட்ட முடியவில்லை. உஸ்த்-ஓர்தா, பயாந்தாய் வழியாகத் துறை வரையிலான சுமார் 250 கிலோமீட்டரையும் ஓட்டுநர் நிதானமாகவே ஓட்டினார். இப்பகுதியின் பூர்வகுடிகளான புர்யாத் மக்கள் வண்ணத் துணிகள் கட்டிய மரத்தூண்கள் நிற்கும் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி, ஒரு நாணயத்தை வைத்து வணங்கிவிட்டே புறப்பட்டார். ஆனால் எங்கள் வேன் தீவுக்குள் வராது என்பதையோ, மறுகரையில் வேறு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதையோ முன்பதிவு செய்த இடத்தில் யாருமே சொல்லவில்லை. அந்த வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத கரையில் குளிர்காற்றில் நின்றோம். எங்களுடன் ஒரு மூதாட்டியும் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டிய தகவல் இது.

தீவுக்குள் ஓடுவது சாம்பல் நிற உவாஸ் என்னும் ரஷ்யத் தயாரிப்பு வேன். ரொட்டி போன்ற அதன் வடிவத்தைப் பார்த்து மக்கள் அதை ‘புஹான்கா’ என்கிறார்கள். ஹூஜிர் வரையிலான முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்திலும், நான் போனபோது, சரளையும் புழுதியும்தான். மேற்கே பிரிமோர்ஸ்கி மலைத்தொடர் மழையை மறித்துவிடுவதால், இத்தனை பெரிய ஏரியின் நடுவே இருந்தும் தீவின் இந்தப் பகுதி வறண்ட புல்வெளியாகக் கிடக்கிறது. நீருக்கடியில் இழுத்த கம்பி வழியாக 2005-இல்தான் இங்கு மின்சாரம் வந்தது. தீவு முழுவதும் 1986-இல் அமைந்த பிரிபைக்கால்ஸ்கி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அடங்குவதால், ஊரார் ஒரு வீட்டு மனைக்குக்கூடப் பல சட்டங்களோடு போராட வேண்டியிருக்கிறது. நல்ல சாலை இல்லையே என்று ஊராட்சியை மட்டும் குறை சொல்வது சரியாகாது என்பது என் கருத்து.

செல்ல விரும்புவோர், வேன் ஹூஜிர் வரை வருமா, துறையில் மாற வேண்டுமா என்பதை முன்பதிவின்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையானாலும் காற்றைத் தடுக்கும் சட்டை ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். தீவுக்குள் ஏறும் வண்டியில் இடப்பக்கச் சன்னல் கிடைத்தால் விடாதீர்கள். ‘சிறு கடல்’ என்று அங்குள்ளோர் அழைக்கும் நீர்ப்பரப்பு அந்தப் பக்கம்தான் தெரியும்.