வாடைக்கு எதிரே சைக்கிள்: மாரிக்கு வாங்கிய மலிவுச் சாமான்களில் எது நின்றது, எது போனது

சைக்கிளுக்குக் குளிர் உடுப்பு தேடுகிறேன் என்று சொன்னால் லண்டனில் இருக்கும் என் தம்பிக்குச் சிரிப்பு வரும். அவன் வேலைக்குச் சைக்கிளில் போகும் காலைகளில் 5 பாகை இருக்கும், சில நாள் அதற்கும் கீழே. எங்கள் யாழ்ப்பாணத்துத் தை மாத விடியல் 22, 23 பாகை. அந்தச் சூட்டுக்கு அவன் கட்டைக் காற்சட்டையோடு கடலுக்குக் குளிக்கப் போவான்.

ஆனால் அவன் யாழ் நகரையும் தீவுப்பகுதியையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தில் வாடைக்கு எதிரே சைக்கிள் மிதித்ததில்லை. நான் மணிக்கு 15 கிலோமீற்றரில் போக, எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் வாடை வந்தால், நனைந்த சட்டையில் படுவது 35 கிலோமீற்றர் காற்று. 23 பாகையிலும் பல்லுக் கிடுகிடுக்கும். கந்தோரில் போய் மின்விசிறிக்குக் கீழே இருந்தால் மிச்சமும் சரி.

நான் அல்லைப்பிட்டியிலிருந்து யாழ் நகருக்கு வேலைக்குப் போகிறவள். 2022இல் பெற்றோல் வரிசையில் நிற்க மாட்டாமல் வீட்டில் நின்ற பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்தேன். பெற்றோல் திரும்பி வந்தது, நான் ஸ்கூட்டிக்குத் திரும்பவில்லை. எங்கள் ஊரிலிருந்து நகரம் வடகிழக்கே இருக்கிறது. ஆகவே மாரியில் காலையில் வாடை மறிக்கும், பின்னேரம் முதுகில் தள்ளி வீட்டுக்கு அனுப்பும். தென்மேற்கே இருந்து வீசும் சோழகத்துக்கு இது மாறி நடக்கும், ஆனால் அப்போது மழை இல்லை, வெயில்தான். இரண்டு பக்கமும் களப்பு, ஒதுங்க ஒரு மரம் இல்லை. குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓடுகிற கெட்டித்தனமெல்லாம் ஊர் ஒழுங்கையோடு சரி; பாலத்தில் குடை இரண்டு நிமிசத்தில் மறுபக்கம் விரிந்துவிடும்.

இத்தனை மாரியில் எனக்கு விளங்கியது இதுதான்: யாழ்ப்பாணத்து மழையில் சைக்கிளில் நனையாமல் போக முடியாது, அதற்காகச் செலவழிக்கிற காசு வீண். நனைந்த உடம்பில் காற்று அடிக்காமல் பார்க்க வேண்டும், போய் இறங்கியதும் மாற்ற ஒரு காய்ந்த உடுப்பு வேண்டும். இந்த இரண்டுக்கும் பெரிய காசு தேவையில்லை.

முதலில் றெயின்கோட். நகரத்தில் ஐப்பசி பிறந்ததும் கடை வாசல்களில் தொங்கவிடுவார்கள். ஆக மலிவானது, சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் மெல்லிய பொலிதீன் போர்வை. தலையால் போடுவது. நடந்து போகிறவருக்குச் சரி. சைக்கிளில் அது பாய்மரம். வாடை அதற்குள்ளே புகுந்து ஊதி, ஒரு பக்கமாக இழுக்கும். பக்கத்தால் பஸ் போகும் நேரம் பார்த்து முகத்தை மூடும். பின்பக்கத் தொங்கல் சில்லுக்குள் போகிற ஆபத்து வேறு. இதை வாங்கினால் சைக்கிள் நிற்கும்போது சீற்றையும் கரியரில் உள்ள பையையும் மூடப் பாவியுங்கள்.

அடுத்தது மோட்டார் சைக்கிள்காரர் போடும் தடித்த பீ.வீ.சீ. கோட்டும் காற்சட்டையும். வெளித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் போகிறவர் சும்மா இருக்கிறார், எஞ்சின் ஓடுகிறது. சைக்கிளில் எஞ்சின் நாங்கள்தான். மண்டைதீவுச் சந்தி தாண்டமுதலே முதுகு வியர்த்து ஊறத் தொடங்கும், அந்த வியர்வை போக வழி இல்லை. நகரத்தில் கோட்டைக் கழற்றினால் கோட் இல்லாமல் மழையில் வந்தவளும் நானும் ஒரே ஈரம்; என்னுடையது உப்பு ஈரம், அவ்வளவுதான் வித்தியாசம். காற்சட்டையின் அகலக் கால் செயினில் கொழுவும். அதை நான் ஒரு மாரியோடு விட்டுவிட்டேன்.

இப்போது போடுவது உட்பக்கம் மெல்லிய பூச்சுப் பூசிய நைலோன் கோட். மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். முதுகில் ஒரு மடிப்பு, அதற்குக் கீழே வலைத் துணி. வியர்வை ஆவி அதாலே போகும். கடையில் இப்படியான கோட்டைப் பார்த்தால் மூன்று சோதனை செய்யுங்கள். உள்ளே புரட்டித் தையலைப் பாருங்கள்: தையல் மேல் பளபளவென்று ஒரு நாடா ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊசி ஓட்டையாலும் தண்ணீர் வரும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்: மறுபக்கம் காற்று வந்தால் அது மழைக்கோட் இல்லை, சும்மா கோட். பிறகு போட்டபடி இரண்டு கையையும் முன்னே நீட்டி, ஹாண்டில் பிடிக்கிற மாதிரி நில்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. நிமிர்ந்து நிற்கும்போது சரியாக இருக்கிற கை, சைக்கிளில் இருந்தால் முழங்கைக்குப் பாதி ஏறிவிடும்.

இந்தக் கோட்டின் நாடா இரண்டாம் மாரியில் தோளடியில் உரியத் தொடங்கியது. ஈரத்தோடு மடித்துப் பைக்குள் அமுக்குவதும், பிறகு சுள்ளென்ற வெயிலில் கொடியில் போடுவதும்தான் இதைக் கெதியாகக் கொல்கிறது. பூஞ்சணமும் பிடிக்கும். நிழலில், தொங்கவிட்டுக் காயப்போட்டால் இன்னும் ஒரு மாரி தாங்கும். சவர்க்காரத் தூளில் ஊறப்போட வேண்டாம், உடுப்பை மென்மையாக்கும் வாசனைத் திரவம் அறவே வேண்டாம். மேலே தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடச் செய்கிற பூச்சு அதோடு போய்விடும். அப்புறம் துணி தண்ணீரைக் குடித்துப் பாரமாகும்.

இனித் தம்பி அனுப்பிய பெட்டி. லண்டனில் லிடில், அல்டி போன்ற மலிவுச் சுப்பர்மார்க்கெற்றுகளில் வருடத்தில் சில கிழமைகளுக்கு மட்டும் சைக்கிள் உடுப்புகள் போடுவார்கள், முடிந்தால் முடிந்ததுதான். பேர்போன சைக்கிள் கடை விலையோடு பார்த்தால் மிக மலிவு. அவன் தனக்கு வாங்கும்போது எனக்கும் வாங்கி, சொக்கிலேற், தைலம் இவற்றோடு பெட்டியில் போட்டுவிட்டான். உள்ளே பஞ்சு வைத்த ஜக்கெற், கையுறை, சப்பாத்துக்கு மேலே போடும் உறை, கையில்லாத ஒரு மேற்சட்டை.

பஞ்சு ஜக்கெற் எங்களுக்குச் சரிவராது. 5 பாகைக்குத் தைத்ததைப் போட்டு 23 பாகையில் மிதித்தால் அவிந்துபோவோம். அது இப்போது அப்பாவிடம். மார்கழிப் பனிக்குள் வெள்ளனத் தோட்டத்துக்குப் போகும்போது சாரத்துக்கு மேலே போடுகிறார், நல்லாய்த்தான் இருக்கிறது. சப்பாத்து உறை ஒரு மழையில் குளமாகிவிட்டது. மேலே இருந்து வருகிற தண்ணீரை மறிக்கலாம், றோட்டு வெள்ளம் கணுக்கால் மட்டும் நின்றால் எதை மறிப்பது? கையுறை வேண்டாம், எங்கள் கை விறைக்காது.

பெட்டியில் கண்ணெடுத்தும் பார்க்காமல் வைத்த கையில்லாச் சட்டைதான் கடைசியில் வென்றது. அதன் முன்பக்கம் காற்றுப் புகாத மெல்லிய துணி, முதுகு முழுக்க வலை. எழுத ஒன்றுமில்லாத சாமான். ஆனால் வாடை நெஞ்சில் அடிக்கவில்லை, வியர்வை முதுகால் போகிறது. தூறல் நாளில் கோட்டே எடுப்பதில்லை. உள்ளே ஒரு மெல்லிய பொலியெஸ்ரர் ரீசேர்ட், மேலே இது. ரீசேர்ட் நனைந்தால் அரை மணியில் உடம்பிலேயே காய்ந்துவிடும். பருத்திதான் கூடாது. வெயிலுக்குப் பருத்தி அருமை. மழையில் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குளிரக் கொடுக்கும்.

மாமி மகள் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றாள். லண்டன் பெட்டிக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று எங்கள் ஊர் தையல் அக்காவிடம் போனோம். கம்பி முறிந்த பெரிய கறுப்புக் குடை ஒன்று வீட்டில் கிடந்தது. துணியைக் கழற்றி, நடைபாதைக் கடையில் வாங்கிய கையில்லா விளையாட்டுச் சட்டையின் முன்பக்கத்தில் கழுத்திலிருந்து இடுப்பு வரை வைத்துத் தைத்துத் தந்தார். குடைத் துணியின் முக்கோணத் துண்டுகளை அப்படியே பொருத்தியதால் நெஞ்சுக்கு நடுவே தையல் வரி ஒன்று சரிந்து ஓடும், அழகு என்று சொல்ல மாட்டேன். காற்றை மறிப்பதில் லண்டன் சட்டைக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சட்டையும் தையல் கூலியும் சேர்த்து ஆயிரத்தைநூறு ரூபாவுக்குள்.

காலுக்குப் பின்வார் வைத்த றப்பர்ச் செருப்பு. பின்வார் இல்லாத பாட்டாச் செருப்போடு போனால் சேற்றில் ஒன்று நின்றுவிடும். சப்பாத்து பையில் வரும்.

பை விசயத்தில் தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், சிப் வழியாகப் புகும். நான் கந்தோரில் சேலை கட்டுகிறவள். சைக்கிளில் பஞ்சாபி உடுப்போடு வந்து அங்கே மாற்றுவேன். ஆகவே சேலை நனைந்தால் நாள் போச்சு. யூரியாப் பைக்குள் ஒரு தடித்த பொலிதீன் பை இருக்கும், தோட்டக்காரர் வீடுகளில் கேட்டால் சும்மா தருவார்கள். நன்றாகக் கழுவிக் காயவிட்டு அதற்குள் சேலை, துவாய், போன், மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் வைத்து, வாயை மூன்று மடிப்பு மடித்து றப்பர் பான்ட் போட்டு, பிறகு சாதாரணப் பைக்குள் வைக்கிறேன். 2024 நவம்பர் புயல் மழையில்கூட உள்ளே ஈரம் போகவில்லை. சொப்பின் பையில் சுற்றுவது போதாது, அது எங்கேயாவது ஓட்டையாக இருக்கும்.

லைற். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும், மழை இருட்டு வேறு. மாடுகள் றோட்டின் நடுவே படுத்திருக்கும். யூ.எஸ்.பியில் சார்ஜ் போடும் சின்ன லைற்றுகள் ஆயிரம் ரூபா அளவில் கிடைக்கின்றன, வெளிச்சம் போதும். சார்ஜ் போடும் துவாரத்தை மூடும் றப்பர் மூடிதான் முதலில் கழன்று விழும், உப்புக் காற்று உள்ளே போனால் துவாரம் பச்சை பிடித்துவிடும். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி அதைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். டைனமோவே போதுமே என்பார் அப்பா. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பற்றரி வராத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ செய்தி கேட்ட தலைமுறை. அவர்களுக்கு அதில் ஒரு பற்று. மழையில் டைனமோவின் உருளை ரயரில் வழுக்கும், வெளிச்சம் விட்டுவிட்டு வரும். தவிர நின்றால் அணைந்துவிடும்.

ஒளிரும் பச்சை மஞ்சள் அங்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நிறம் பகலிலும் மப்பிலும் நன்றாகத் தெரியும், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரில்தான் அது அப்படி ஒளிர்கிறது. இரவில் அது வெறும் மங்கல் துணி. இரவில் வேலை செய்வது அதில் தைத்திருக்கும் வெள்ளிப் பட்டி, வாகன வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பட்டி அகலம் குறைந்த அங்கியை வாங்காதீர்கள். வெள்ளிப் பட்டியை மீற்றர் கணக்கிலும் வாங்கலாம். நான் ஒரு துண்டைப் பின் மட்காட்டிலும் இன்னொன்றைச் செயின் பக்கக் கணுக்காலிலும் போடுகிறேன். மிதிக்கும்போது கால் மேலும் கீழும் போவதால் அது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரியும். கால்சட்டை செயினில் படாமலும் பிடித்துக்கொள்ளும்.

உடுப்பைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், மழையில் என்னைப் பயப்படுத்தியது பிரேக்தான். பண்ணைச் சுற்றுவட்டத்தை நெருங்கும்போது பிடிக்கிறேன், பிடிக்கிறேன், சைக்கிள் போய்க்கொண்டே இருக்கிறது. பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டேன், அதே கதை. அதைவிட விலை கூடிய கட்டை கேட்கப் போனபோதுதான் சைக்கிள் கடை அண்ணை விசயத்தைச் சொன்னார்.

"பிள்ளை, கட்டையிலை பிழை இல்லை. உந்த நிக்கல் அடிச்ச இரும்பு ரிம்மிலை மழைக்கு எந்தக் கட்டையும் நிக்காது."

"அப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"அலுமினிய ரிம் போடும். இல்லாட்டி முன்னமே மெல்லமாப் பிடிச்சுத் தண்ணியைத் துடைச்சுப்போட்டுப் பேந்து இறுக்கிப் பிடியும்."

அப்படித்தான் இப்போது செய்கிறேன். நிறுத்த வேண்டிய இடத்துக்கு நல்ல தூரம் முன்னே பிரேக்கை மெதுவாகத் தொட்டபடி வந்தால், சில்லு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றும்போது கட்டை ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிடும், பிறகு பிடிக்கும். பழகிவிட்டது, ஆனால் குறுக்கே நாய் பாய்ந்தால் இந்தக் கணக்கு உதவாது.

அதே கடையில் காசில்லாமல் கிடைத்த இன்னொன்று: முன் மட்காட்டின் அடியில் பழைய ரியூப் துண்டு ஒன்றை, தரைக்கு நாலு விரல் உயரம் வரை தொங்குகிற மாதிரிப் பூட்டிவிட்டார். அதற்கு முன் முன்சில்லு அள்ளி அடிக்கிற சேற்றுத் தண்ணீரில் கால் இரண்டும் குளிக்கும், செயினும் குளிக்கும். இப்போது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மாரியில் செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் விட்டால் ஒரு மழையில் கழுவுண்டு போகும். கொஞ்சம் தடித்த எண்ணெய் விட்டு, வெளியே பழந்துணியால் துடைத்துவிட வேண்டும். களப்புக் காற்றின் உப்பு சும்மா நிற்கிற சைக்கிளையே தின்னும், ஆகவே கிழமைக்கு ஒருதரம் நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளி ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் எண்ணெய்.

அடுத்த ஐப்பசிக்கு முன் உடுப்பு என்று ஒன்றும் வாங்கும் எண்ணம் இல்லை. அந்த நைலோன் கோட்டின் தோளில் பசை நாடா ஒட்டி இன்னொரு மாரி ஓட்டலாம். சேர்த்து வைக்கிற காசு அலுமினிய ரிம் இரண்டுக்கு. ஸ்போக் கம்பியும் கூலியும் சேர்த்து எவ்வளவு வரும் என்று அண்ணை கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். முழுத் தொகையும் சேராவிட்டால் முன்சில்லுக்கு மட்டுமாவது போட வேண்டும், பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கு அதில்தான்.