பழைய இரும்பில் கட்டிய சாப்பர் சைக்கிள்: நாலு வருஷம் ஓட்டிய பிறகு

சாப்பர் சைக்கிள், அதாவது உயர்ந்த ஹேண்டிலும் முன்னால் நீட்டின ஃபோர்க்கும் உள்ள சைக்கிள் கட்டப் போகிறேன், ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு கால் கவை) எவ்வளவு நீட்டலாம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: மனதில் வைத்திருக்கிற நீளத்தில் பாதி. நான் 14 இன்ச் கூட்டி, பட்டு, அப்புறம் 8 இன்ச்சுக்கு இறங்கி வந்தவன். வீடு பாளையங்கோட்டை, வேலை மேலப்பாளையம், தினமும் போக வர இந்த வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை மனசிருந்தால் பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவி வரை.

பிரேம் ஒரு பழைய ஹெர்குலிஸ், 28 இன்ச் வண்டியுடையது, இரும்புக்கடையில் கிலோ 30 ரூபாய்க்கு எடை போட்டு எடுத்தேன். பின்சக்கரம் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற 20 இன்ச் சைக்கிளில் இருந்து, முன்சக்கரம் 26 இன்ச், அதுவும் அதே குவியலில் கிடந்ததுதான். சீட் டிவிஎஸ் 50-இல் இருந்தது, ரெக்சின் மட்டும் புதிதாகப் போட்டது. ஹேண்டில்பார் கதை வேறு. எங்கள் வீட்டு மாடியில் ஒயர் அறுந்துபோன நாற்காலி ஒன்று கிடந்தது, அதன் கால் பைப் வளைந்திருக்கிற விதத்தைப் பார்த்ததும் இதுதான் என்று தோன்றிவிட்டது. அளந்தால் பைப் ஏழே எட்டு இன்ச், பிரேக் லீவர் அப்படியே ஏறியது. ஆச்சி மட்டும் "நாக்காலி எங்கல?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய் ஆனது, ஃபோர்க்கை இரண்டாவது தடவை செய்ததற்கான 900 இதில் சேரவில்லை.

ஹெர்குலிஸில் சாப்பரா என்று சிரிக்க வேண்டாம், சொந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் பையன்கள் சின்னச் சைக்கிளுக்கு உயர்ந்த ஹேண்டிலும் நீள சீட்டும் மாட்டி ஓட்டியதைப் பார்த்து ஷ்வின் கம்பெனி 1963-இல் ஸ்டிங்ரே என்று ஒன்றைக் கொண்டுவந்தது, இங்கிலாந்துக் கம்பெனியான ராலே 1969-இல் சாப்பர் என்ற பெயரிலேயே இறக்கியது. அந்த ராலே அப்போது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் (சுருக்கமாக டிஐ) என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் கையில் இருந்த கம்பெனி. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குடும்பமும் சேர்ந்து தொடங்கியதுதான் ஹெர்குலிஸ் செய்த நம் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். ஆக ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை.

சரி, ஃபோர்க். முதல் தடவை ஹெர்குலிஸ் ஃபோர்க்கையே தலைக்கு (இரண்டு காலும் மேலே சேருகிற இடம்) இரண்டு இன்ச் கீழே வெட்டி, நடுவில் 14 இன்ச் பைப் வைத்து வெல்டிங்கில் ஒட்டச் சொன்னேன். பார்க்க என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. போனில் கோணம் பார்க்கிற ஆப் வைத்துப் பார்த்தால் ஹேண்டில் சாய்வு தரையிலிருந்து 47 டிகிரி. சாதா வண்டியில் இது 68 கிட்ட இருக்கும். ஃபோர்க் திரும்புகிற அச்சைக் கோடு போட்டுத் தரைவரை நீட்டினால் அது தொடுகிற இடத்துக்கும் டயர் தரையைத் தொடுகிற இடத்துக்கும் ஒரு தூரம் இருக்கும் பாருங்கள், சாதா சைக்கிளில் அது இரண்டு மூன்று இன்ச், என்னுடையதில் எட்டரை இன்ச் வந்தது. இதனால் வேகமாகப் போகும்போது ரயில் மாதிரி நேராகப் போகும், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாகத் தொப்பென்று விழும், அதைக் கையால் தூக்கி நிமிர்த்த வேண்டும். திருநெல்வேலி டவுனில் ரதவீதியில் போய்விடலாம், உள்ளே ஒரு முடுக்குச் சந்துக்குள் நுழைந்தால் இறங்கி, பின்னால் தூக்கி வைத்துத் திருப்பினால்தான் உண்டு. ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "என்னவே, ஏணியவா ஓட்டிட்டு வாரீரு?" என்றார்.

எட்டாவது மாதம் வண்டியைத் துடைக்கும்போது ஃபோர்க்கின் இடது காலில், ஒட்டுக்குப் பக்கத்தில், பெயின்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, அதில் லேசாகத் துரு. முதலில் கீறல் என்றுதான் நினைத்தேன், நகத்தை வைத்தால் உள்ளே இறங்கியது. வெல்டிங் பட்டறை அண்ணாச்சி பார்த்துவிட்டுத் திட்டவில்லை, "தம்பி, ஒட்டு நிக்கு, பைப்புதான் விட்டிருக்கு. நீ ஒட்டச் சொன்ன இடம் தப்பு, வேகத்தடையில ஏறுனா பாரம் பூரா அங்கதான வந்து நிக்கு" என்றார். உண்மைதான், ஃபோர்க் நீள நீள அது கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரி, நெம்புகிற பலம் அத்தனையும் தலைக்குக் கீழேதான் வந்து சேரும், நான் சரியாக அங்கே போய் வெட்டி வைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அந்த எட்டு மாதமும் இந்த வண்டிக்கு முன்பிரேக் கிடையாது. இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இரண்டாவது தடவை முறையே வேறு. பழைய ஃபோர்க்கின் கால் கீழே வர வர ஒடுங்கும், அதன் நுனியை மட்டும் வெட்டினோம். விபிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிரேக்) மாட்டுகிற முளை இருக்கிற இன்னொரு ஃபோர்க்கின் கால்களைத் தலைப்பக்கம் சாய்வாக வெட்டினால், அகலமான அந்த வாய் இதன்மேல் தொப்பி மாதிரி ஏறும். ஆறு இன்ச் ஒன்றுக்குள் ஒன்று இறங்கின பிறகுதான் ஒட்டு. கூடிய நீளம் 8 இன்ச், சாய்வு 53 டிகிரி. மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, மாதம் ஒருமுறை நகத்தை வைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. முடுக்குக்குள்ளும் திரும்புகிறது, கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பின்சக்கரம் சின்னதாகிவிட்டதால் மிதிக்கிற கணக்கும் மாறும், இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், சக்கரம் 28 என்றால் ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும், அதே பல்லுக்கு 20 இன்ச் சக்கரம் 3.9 மீட்டர்தான். கால் மட்டும் சுற்றும், ஊர் வராது. பின்னால் 16 பல் ஃபிரீவீல் போட்டு 4.4 ஆக்கினேன், அதற்கு மேல் ஆசைப்படவில்லை, காரணம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்கிற ஊரில் கையை மேலே தூக்கிப் பிடித்து, நெஞ்சைத் திறந்துகொண்டு மேற்கே பார்த்து ஓட்டுவது பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு எதிர்க்கப் போவது மாதிரிதான். ஆடியில் சேரன்மகாதேவி போக இரண்டு மணி நேரம், வர ஒன்றே கால். மற்ற மாதங்களில் குறை சொல்ல மாட்டேன், முதுகு வலி என்பதே இல்லை.

பிரேக்: உட்காருகிற பாரம் பின்சக்கரத்தின் மேலேயே விழுவதால் இந்த வண்டியில் பின்பிரேக்தான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 28 இன்ச்சுக்கான பிரேக் 20 இன்ச் ரிம்மை எட்டாது, பின்பக்கக் கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு பட்டையை ஒட்டி அதில் காலிப்பர் (இடுக்கி மாதிரி ரிம்மைக் கவ்வுகிற பிரேக்) மாட்டியிருக்கிறேன். பிரேக் கட்டை, கேபிள், பால்ரஸ் குண்டு மூன்றையும் பழையதில் எடுக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். ஃபோர்க்கின் கீழ்க் கப்பில் (குண்டு உட்காருகிற கிண்ணம்) 14 இன்ச் இருந்தபோது ஐந்தே மாதத்தில் குண்டு பள்ளம் விழுந்து, ஹேண்டில் நேராக வரும்போது கடக்கென்று பிடிக்கும், இப்போது ஒன்றரை வருஷம் தாங்குகிறது. அடிக்கடி சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன், சின்னச் சக்கரம் என்பதாலோ என்னவோ பின்பக்கம் ஒரே தடவைதான் எடுத்தேன்.

ஸ்டாண்டுதான் இன்னும் அமையவில்லை. பக்கவாட்டு ஸ்டாண்டு போட்டால் முன்சக்கரம் தானாகத் திரும்பி வண்டி சாய்ந்துவிடுகிறது, நடு ஸ்டாண்டு இந்த உயரத்துக்குக் கிடைக்கவில்லை, மொபெட் ஸ்டாண்டை வெட்டி ஒட்டிப் பார்த்ததில் பெடல் இடித்தது. இப்போதைக்கு ஹேண்டிலை டியூப் துண்டால் பிரேமோடு கட்டிச் சுவரில் சாய்த்து வைக்கிறேன்.